நிரல் எழுதத் தெரியாத பிள்ளை கணினி விஞ்ஞானத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பங்களைக் கோரும் காலங்களில் எமது அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் தன்மை மாறிவிடுவதுண்டு. அரசியல் கேட்போர் குறைந்து, பிள்ளையின் இசட் புள்ளியைச் சொல்லி ஆலோசனை கேட்கும் பெற்றோர் அதிகரிப்பர். அத்தகையதொரு காலத்தில் கிழக்கின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து தந்தையொருவர் நேரிலேயே வந்திருந்தார். அவரது மகள் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தார். கணினி விஞ்ஞானம் படிக்க விருப்பம். ஆனால் வீட்டில் கணினி இல்லை. பாடசாலையின் கணினிக்கூடத்தில் அவர் அமர்ந்த மணித்தியாலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘நிரலாக்கம் தெரியாமல் அங்கே போனால் முதல் வருடத்திலேயே தோற்றுப்போவாய், முதலில் எங்களிடம் ஒரு வருட டிப்ளோமா செய்’ என்று தனியார் நிறுவனமொன்றில் கூறியிருக்கின்றனர். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துவதா அல்லது கணினி விஞ்ஞானத்தை விருப்பத்தெரிவுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதா என்பதே அவரது கேள்வி.

இரண்டுமே வேண்டியதில்லை என்பதே நாம் அவருக்கு அளித்த பதில். அதற்கான காரணங்களை ஏனைய பெற்றோரும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதியே இதனை எழுதுகின்றோம்.

முதலில், எமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதி எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பதைப் பார்ப்போம். 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை நடைமுறையிலுள்ளது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி, அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றது என்பதை, அப்பாடத்துப் புள்ளிகளின் பரவலைக் கொண்டு அளப்பதே இம்முறையாகும். உதாரணமாக, இணைந்த கணிதத்தில் சராசரி 40, நியம விலகல் 20 என வைத்துக்கொண்டால் 70 புள்ளி பெற்றவருக்கு அப்பாடத்தில் 1.5 கிடைக்கும். இன்னொரு பாடத்தில் சராசரி 55, நியம விலகல் 15 ஆக இருப்பின் அதே 70 புள்ளிக்கு 1.0 மாத்திரமே கிடைக்கும். மூன்று பாடங்களினதும் சராசரியே மாணவரின் இறுதி இசட் புள்ளி. ‘இலகுவான பாடத்தை எடுத்தால் புள்ளி கூடும்’ என்ற கணக்கு பிழைத்துப்போவது இதனால்தான்.

விஞ்ஞானத்துறை சார்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீத இடங்கள் சனத்தொகைக்கேற்ப மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்பட்டு வந்துள்ளன. தரப்படுத்தல் என்ற சொல் 1970களில் எமது மக்களிடையே ஏற்படுத்திய காயம் இன்னும் ஆறிவிடவில்லை. எனினும் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டின் வழித்தோன்றலான இதே ஏற்பாடுதான் இன்று மன்னார், முல்லைத்தீவு, அம்பாறை, நுவரெலியா போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கணக்கில் எங்கேனும் நிரலாக்க அனுபவத்துக்குப் புள்ளி உண்டா? இல்லை. கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சை உண்டு. எவற்றுக்கு உண்டு என்பதை ஆணைக்குழு வருடந்தோறும் வெளியிடும் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கணினி விஞ்ஞானக் கற்கைநெறிக்கு விண்ணப்பிப்பவரிடம் ‘எத்தனை நிரல் எழுதியிருக்கின்றீர்’ என எவரும் கேட்பதில்லை. அங்கு கேட்கப்படுவன பாடத்தகைமையும் இசட் புள்ளியுமே. அமெரிக்காவின் போட்டிமிக்க பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் தமது ஆர்வங்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும்; பாடசாலைக்கு வெளியே என்ன செய்தார் எனவும் காட்ட வேண்டும். ஆகவே அங்கு நிரலாக்க அனுபவம் மறைமுகமாகவேனும் உதவக்கூடும். இங்கு அந்தக் கவலை இல்லை.

‘அனுமதி கிடைத்துவிடும், உள்ளே சென்றபின் என்ன செய்வது’ என்று அந்தத் தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தின் அனுபவம் நல்ல விடையளிக்கின்றது. கணினி விஞ்ஞானத்தில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றான அங்கு 1995இல் அத்துறைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம் மாத்திரமே. ஜேன் மார்கொலிஸ், அலன் பிஷர் ஆகிய இருவரும் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பேட்டி கண்டு இதன் காரணத்தை ஆராய்ந்தனர். பெண்கள் பின்வாங்கியமைக்குத் திறமைக் குறைவு காரணமல்ல என்பது தெரியவந்தது. சிறுவயது முதலே கணினியைக் கழற்றிப் பூட்டி விளையாடிய ஆண் மாணவர்களின் பேச்சைக் கேட்டு, ‘இது எனக்குரிய இடமல்ல’ என அவர்கள் முடிவு செய்திருந்தனர். முன் அனுபவமின்றி வந்தவர்கள், பொருத்தமான ஆரம்பப் பாடநெறி கிடைத்தபோது ஏனையோருடன் சமமாகவே தேறி வெளியேறினர். அனுமதியின்போது நிரலாக்க அனுபவத்துக்கு அளிக்கப்பட்ட முக்கியத்துவத்தைப் பல்கலைக்கழகம் குறைத்தது; அனுபவத்துக்கேற்ப வெவ்வேறு ஆரம்ப வகுப்புகளையும் ஏற்படுத்தியது. 2000ஆம் ஆண்டில் அந்த 7 சதவீதம் 42 சதவீதமாகியது.

கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியும் 2006ஆம் ஆண்டளவில் இதே வழியில் சென்றது. ஆரம்ப வகுப்பில் எல்லாம் தெரிந்தவர் போல் கையுயர்த்திப் பேசும் சிலரைத் தனிவகுப்பில் அமர்த்தியதே அங்கு செய்யப்பட்ட மாற்றங்களில் பெரும் பயனளித்தது என்பர். இது எமது வகுப்பறைகளுக்கும் பொருந்தும் போலும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமோ கணினி விஞ்ஞானத்துக்கு முன் நிரலாக்க அறிவு தேவையில்லை, கணிதமே இன்றியமையாதது எனப் பகிரங்கமாகவே கூறுகின்றது.

கணிதம் ஏன்? நாம் கலைப்பட்டதாரி, ஒரு வரி நிரலும் எழுதியறியோம். எனினும் அத்துறையில் கற்பிப்போரிடம் கேட்டறிந்த வரையில் விடயம் இதுதான். நிரல் என்பது ஒரு சிக்கலைச் சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியையும் ஐயத்துக்கிடமின்றி எழுதுவதாகும். இணைந்த கணிதத்தில் ஒரு நிறுவலை வரிவரியாக எழுதப் பழகிய பிள்ளை அந்த வேலையில் பாதியை ஏற்கனவே செய்திருக்கின்றது. எஞ்சியது மொழியின் இலக்கணமும், பிழை வந்தால் பொறுமையிழக்காது தேடும் பழக்கமுமே. இன்று நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை தருவது சரியா, பிழையா எனத் தீர்மானிக்க வேண்டியவர் மனிதரே ஆகையால், சிறுவயது முதல் விசைப்பலகையில் தட்டிப் பழகியவரின் முந்துகை முன்னரைவிடக் குறையுமேயன்றிக் கூடாது என்பது எமது கருத்து.

ஆயினும் சிரமமே இராது எனக் கூறினால் அது பொய்யாகும். முதலாவது அரையாண்டு கடினமானதுதான். அருகில் அமர்ந்திருப்பவர் பத்து நிமிடத்தில் முடிப்பதை நாம் இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கும்போது மனம் சோர்வடையும். அதனிலும் பெரிய தடை ஆங்கிலமே. பதின்மூன்று வருடங்கள் தமிழில் கற்ற பிள்ளைக்கு விரிவுரை, நூல், பரீட்சை வினா அனைத்தும் ஒரே நாளில் ஆங்கிலமாகிவிடுகின்றன. ‘நிரலாக்கம் விளங்கவில்லை’ என்று கூறும் மாணவர் பலருக்கு உண்மையில் விளங்காதது வினாவின் ஆங்கில வசனமே என்று எம்மிடம் கூறிய விரிவுரையாளர்கள் உளர். டிப்ளோமாவுக்குப் பணம் செலவிட எண்ணும் பெற்றோர் இதனைச் சற்று யோசித்தல் வேண்டும்.

உயர்தரம் எழுதியதற்கும் விரிவுரை மண்டபத்தில் அமர்வதற்கும் இடையில் எமது நாட்டில் ஒரு வருடமளவு, சில வேளை அதற்கும் கூடுதலாகக் காலம் கழிந்துவிடுகின்றது. இந்தத் தாமதத்தை நாம் பல தடவை கண்டித்து எழுதியிருக்கின்றோம். இருந்தும், நிரலாக்கம் அறியாத பிள்ளைக்கு அது தற்செயலாகக் கிடைத்த அவகாசம். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்தில் பைதன் மொழி இடம்பெற்றுள்ளது. அப்பாடத்தை எடுக்காதவரும் தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ்மொழி வளநூலைக் கொண்டு அதன் அடிப்படையைக் கற்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் பாடங்கள் உள்ளன. சற்று ஆங்கிலம் கைவந்ததும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சீ.எஸ். 50 என்ற ஆரம்பப் பாடநெறியை இணையத்தில் கட்டணமின்றிப் பின்பற்றலாம். அங்கு சேரும் மாணவரில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்னர் கணினி விஞ்ஞானம் கற்றிராதவர்கள் என அப்பாடநெறியினரே கூறுகின்றனர்.

கணினிக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததன் பின்னர் மடிக்கணினி என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கே பாரமாகிவிட்டது. பாடசாலைக் கணினிக்கூடங்கள் பிற்பகலில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாட்கள் அவற்றைப் பழைய மாணவருக்குத் திறந்துவிட அதிபர்கள் முன்வந்தால், பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் ஓரிரு கணினிகளை வாசிகசாலைகளில் வைத்தால், நகை அடகுக்குப் போக வேண்டிய தேவை இராது. மலையகத் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் திறந்துவிடக் கூடமே இல்லை என்பது வேறு விடயம். அது அமைச்சின் பொறுப்பு.

விண்ணப்பம் நிரப்புவோர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. கணினி விஞ்ஞானம் என்றதும் பலர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியை மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். யாழ்ப்பாணம், ருகுணை ஆகிய பல்கலைக்கழகங்களிலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இக்கற்கைநெறி உண்டு. மொரட்டுவையில் 2001இல் ஆரம்பிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப பீடம் உண்டு. பௌதிக விஞ்ஞானப் பட்டத்தினுள் கணினி விஞ்ஞானத்தை ஒரு பாடமாக எடுக்கும் வழியும் சில பல்கலைக்கழகங்களில் உள்ளது. மாணவர் எழுதிய வரிசையில், அவரது புள்ளிக்கு எட்டும் முதலாவது இடமே வழங்கப்படும். ஆகவே உண்மையான விருப்பத்தை மேலே எழுதுவதால் கீழேயுள்ளது பறிபோய்விடாது. ‘கிடைக்காது’ எனப் பயந்து விருப்பமானதைக் கீழே தள்ளியவர்கள்தான் நட்டமடைந்திருக்கின்றனர்.

இப்போதுதான் உயர்தர வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரசாயனவியலை விட்டுத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுத்தால் கணினி விஞ்ஞானத்துக்கு வசதி என்று பலர் எண்ணுகின்றனர். கணினி விஞ்ஞானத்துக்கு அது தடையில்லை என்பது உண்மையே. ஆனால் பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். மொரட்டுவையின் கணினி விஞ்ஞானமும் பொறியியலும் துறைக்குச் செல்வோர் முதலில் பொறியியல் பீடத்தினுள் நுழைந்து, அங்கு பெறும் ஆரம்பப் பெறுபேறுகளைக் கொண்டே தெரிவாகின்றனர். இரசாயனவியலைக் கைவிடும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதவு அன்றே மூடப்படுகின்றது என்பதை ஆசிரியர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அந்தத் தந்தை எழுந்து செல்லுமுன் இன்னொன்றையும் கேட்டார். உண்மையில் அவரது மனதை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். பெண்பிள்ளையைத் தனியே கொழும்புக்கு அனுப்புவதா? திருகோணமலை வளாகத்தை நாம் நினைவூட்டினோம். அவரது ஊரிலிருந்து பஸ்ஸில் அரைநாளும் எடுக்காது. கொழும்பில் விடுதி வசதி பற்றிப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்கலாம் என்றும் கூறினோம். இரண்டையும் எந்த வரிசையில் எழுதுவது என்பதை மகளிடமே விடுமாறு சொன்னபோது அவர் உடனே எதுவும் கூறவில்லை. கைநூலின் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்துத் தரும்படி கேட்டு வாங்கிச் சென்றார்.