டிஷ்வாஷரும் அம்பத்தூர் போர் தண்ணீரும்

புதிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, டிரைவர்கள் எதையும் நிறுவாமல் இயக்கினால் என்ன ஆகும்? திரை மங்கலாகத் தெரியும். ஸ்பீக்கரில் சத்தம் வராது. பிரிண்டர் அசையாது. இதற்காகக் கம்ப்யூட்டர் பழுது என்று யாரும் சொல்வதில்லை. எதனோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று அதற்கு இன்னும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளுக்கு வரும் டிஷ்வாஷர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். அதற்குச் சொல்ல வேண்டிய முதல் தகவல், உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது.

2020 ஊரடங்கின்போது, வீட்டு வேலைக்கு வருபவர்கள் வர முடியாமல் போன மாதங்களில், இந்தியாவில் டிஷ்வாஷர் விற்பனை வேகமாக உயர்ந்தது. அப்போது வாங்கிய எனக்குத் தெரிந்த சில வீடுகளில் அது இன்று தட்டு அடுக்கும் அலமாரியாக நிற்கிறது. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "சுத்தமாவே கழுவ மாட்டேங்குது."

எங்கள் வீட்டுக்கு அது வந்தது கடந்த ஏப்ரலில். அம்பத்தூரில் மூன்றாவது மாடி ஃப்ளாட். நானும் மனைவியும் ஐ.டி. வேலை. பாத்திரம் முழுக்க அம்மா கையில். பல வருடமாகச் சோப்பிலும் தண்ணீரிலும் ஊறி அம்மாவின் விரலிடுக்குகள் வெடித்துப் புண்ணாகிவிட்டன. கையைத் தண்ணீரில் வைக்காமல் இருந்தால்தான் ஆறும் என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். எனவே இது எங்களுக்கு ஆடம்பரப் பொருள் அல்ல.

முதல் வாரமே ஏமாற்றம். கண்ணாடி டம்ளர்களில் வெள்ளைப் படலம். எவர்சில்வர் தட்டுகளில் திட்டுத் திட்டாகக் கறை. "என்னப்பா இது, கோலமாவு பூசின மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அம்மா எல்லாவற்றையும் எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார். ஒரு வேலை இரண்டு வேலையானது. விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவுக்குப் போன் செய்தால், "சோப்பை மாத்திப் பாருங்க சார்" என்றார்கள். நேரில் வந்த டெக்னீஷியன், "இந்த ஏரியா தண்ணி அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதியைப் பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

டிஷ்வாஷர் பாத்திரத்தைத் தேய்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கைந்து லிட்டர் தண்ணீரை எடுத்து, ஹீட்டரால் சூடாக்கி, சுழலும் கைகளின் துளைகள் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. அந்தத் தண்ணீரையே வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. இதையெல்லாம் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் கவனித்துக்கொள்கிறது. எவ்வளவு தண்ணீர் வந்தது என்று ஃப்ளோ மீட்டர் சொல்லும். சூட்டைத் தெர்மிஸ்டர் சொல்லும். விலை கூடிய மாடல்களில் தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளக்கும் சென்சாரும் உண்டு.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் இயந்திரத்துக்கு 1886-லேயே காப்புரிமை பெற்றார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது வேலை செய்து காட்டியது. ஆனாலும் வாங்கியவை பெரும்பாலும் ஓட்டல்கள்தான். வீடுகளில் அது பரவலானது 1950-களில். அதற்குத் தேவையான அளவு வெந்நீர் பல வீடுகளில் அதுவரை இல்லை. இயந்திரம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, வீட்டுத் தண்ணீரும் ஒத்துவர வேண்டும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

வெள்ளைப் படலம் எங்கிருந்து வருகிறது?

தண்ணீரில் கரைந்துள்ள கால்சியமும் மெக்னீசியமும்தான் கடினத்தன்மை. டிஷ்வாஷர் பவுடரில் சலவைச் சோடா வகை காரங்கள் உண்டு. கடின நீரில் இவை கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் பாத்திரத்தின் மேல் படிகின்றன. முன்பு பவுடர்களில் இருந்த பாஸ்பேட், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏரி, ஆறுகளில் பாசி பெருகக் காரணமாவதால், 2010-ல் அமெரிக்காவின் பல மாநிலங்களும் 2017-ல் ஐரோப்பிய ஒன்றியமும் வீட்டு உபயோக டிஷ்வாஷர் பவுடரில் அதைக் கட்டுப்படுத்தின. பாஸ்பேட் இல்லாத பவுடர் என்றால் தண்ணீரை மென்மையாக்கும் பொறுப்பு இயந்திரத்தின் மேல் கூடுதலாக விழுகிறது.

அதற்காகத்தான் பல மாடல்களில், அடிப்பகுதியில் ரெசின் மணிகள் நிறைந்த ஒரு சிறு அறை இருக்கிறது. இந்த மணிகள் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். சோடியம் தீர்ந்ததும் உப்புத் தண்ணீரால் கழுவி மணிகளைப் புதுப்பிக்க வேண்டும். டிஷ்வாஷரில் உப்பு போடுவது இதற்குத்தான். உப்பு பாத்திரத்தைக் கழுவுவதில்லை, ரெசினைத்தான் கழுவுகிறது. சமையல் தூள் உப்பு வேண்டாம். அது கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருட்கள் ரெசினைக் கெடுக்கும்.

டி.டி.எஸ். மீட்டர் சொல்லாத செய்தி

நம் ஊரில் தண்ணீர் என்றதும் எல்லோரும் எடுப்பது பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைத்தான். அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, மொத்த உப்புகளைத் தோராயமாகக் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ரெசினில் புகுந்து மென்மையாகி வரும் தண்ணீரை அளந்தாலும் எண் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கால்சியம் போய் சோடியம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எனவே டிஷ்வாஷருக்கு டி.டி.எஸ். எண் பயன்படாது. தேவை கடினத்தன்மை எண்.

இதை அளக்க லேப் தேவையில்லை. வண்ண மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் கடினத்தன்மை டெஸ்ட் கிட் போதும். அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம்தான். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து, நிறம் மாறும் வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நான் வாங்கிய கிட்டில் ஒரு சொட்டு என்றால் ஒரு ஜெர்மன் டிகிரி. டிஷ்வாஷர் கையேட்டில் இருப்பதும் பெரும்பாலும் இதே அளவுதான். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம்.

எங்கள் வீட்டில் மே மாதம் 34 சொட்டு. அதாவது லிட்டருக்குச் சுமார் 605 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) ஏற்கத்தக்கது என்று சொல்வது 200. வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச வரம்பு 600. ஒரு தடவை கழுவ 12 லிட்டர் என்று வைத்தால், அதில் 7 கிராமுக்கு மேல் சுண்ணாம்பு. ஒரு டீஸ்பூன் சுண்ணாம்புத் தூளைப் போட்டுப் பாத்திரம் கழுவுவதற்குச் சமம்!

4-க்குப் பதில் 7

என் இயந்திரத்தில் கடினத்தன்மைக்கு 0 முதல் 7 வரை செட்டிங் உண்டு. நிறுவ வந்தவர் வைத்துவிட்டுப் போன எண் 4. அது 13 முதல் 16 டிகிரி வரையிலான தண்ணீருக்கு. எங்கள் தண்ணீருக்கு வேண்டியது 31 முதல் 50 டிகிரிக்கான எண் 7. எத்தனை லிட்டருக்கு ஒருமுறை ரெசினைப் புதுப்பிக்க வேண்டும் என்று இயந்திரம் இந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடுகிறது. 4 என்று வைத்தால், ரெசின் தீர்ந்து போன பின்னும் அது தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். 'உப்பு தேவையில்லை' என்று விற்கும் ஆல்-இன்-ஒன் மாத்திரைகளும் பொதுவாக 21 டிகிரி வரைதான் கைகொடுக்கும்.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அம்பத்தூருக்கு அருகில் புழல் ஏரி. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரி. ஆனாலும் பல அடுக்குமாடிகளின் சம்பில் விழுவது மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரி தண்ணீர் மூன்றும் கலந்த கலவைதான். ஏரிகள் வறண்ட 2019 கோடையில் போரையும் லாரியையும் நம்பியே பல வீடுகள் ஓடின. கலவை மாறினால் கடினத்தன்மையும் மாறும். மே மாதம் 34 காட்டிய எங்கள் தண்ணீர், மழைக்குப் பின் டிசம்பரில் 24 காட்டியது. எனவே கோடையில் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை அளந்து செட்டிங்கை மாற்றுங்கள்.

எக்ஸெல் ஷீட்டில் மூன்று வாரம்

புரோகிராமில் பிழை தேடும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். அதையே இங்கும் செய்தேன். தினமும் குறித்துக்கொண்ட முக்கியமான எண், அம்மா மறுபடி கழுவிய பாத்திரங்கள் எத்தனை என்பது. முதல் வாரம் எண் 4-லேயே விட்டபோது தினமும் இருபதுக்கு மேல். இரண்டாம் வாரம் எண்ணை மட்டும் 7-க்கு மாற்றியதும் ஒன்பது, பத்து என்று இறங்கியது. மூன்றாம் வாரம் அடுக்கும் முறையை மாற்றி, 70 டிகிரி சூடுள்ள புரோகிராமுக்குப் போனதும் நான்கு, ஐந்துதான். சோப்பு மூன்று வாரமும் ஒன்றே!

ஏற்கெனவே படலம் பிடித்த டம்ளரில் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தடவிப் பாருங்கள். படலம் போய்விட்டால் அது சுண்ணாம்பு. போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்திருக்கிறது. இது தண்ணீர் மிக மென்மையாகி, பவுடரும் அதிகமானால் நேர்வது. அதற்கு மருந்து இல்லை.

மேல்மாடியின் அழுத்தம்

பல மாடல்களுக்குத் தண்ணீர் குறைந்தது 0.5 பார் அழுத்தத்தில் வர வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் என்பது கணக்கு. அப்படியானால் தொட்டி, குழாய்க்கு 5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வீடுகளில் இது கிடைப்பது கடினம். இயந்திரம் தண்ணீருக்குக் காத்திருந்து பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். எங்கள் வீட்டில் சமையலறைக் குழாயில் ஒரு சிறிய பிரஷர் பம்ப் வைத்த பிறகே இது தீர்ந்தது. ஹீட்டர் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால் வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு தடவைக்கு 1 யூனிட்டைச் சற்றே தாண்டுகிறது. தினமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் அறுபது யூனிட்டாவது கூடும்.

இன்னும் தீராத குறைகள்

எண்ணை மாற்றியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. இதன் தட்டுகள் ஐரோப்பியத் தட்டையான பீங்கானுக்காக அமைக்கப்பட்டவை. நம் குழிவான கிண்ணங்களைச் சாய்த்துக் கவிழ்க்காவிட்டால் அடிக்குழியில் தண்ணீர் தேங்கும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய டம்ளர்கள் கழுவப்படாது. கடுகு, பீய்ச்சும் கைகளின் துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. முருங்கைக்காய் நார், கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் எல்லாம் ஃபில்டருக்கு எதிரிகள். அதை இரண்டு நாளைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். அடிப்பிடித்த கடாய் வெளியே ஊற வைத்துத் தேய்த்தால்தான் போகும்.

உள்ளே வைக்கவே கூடாதவை: அலுமினிய இட்லித் தட்டு (காரத்தில் கறுத்துவிடும்), பித்தளை, வெண்கலம், இரும்பு தோசைக்கல், மண்சட்டி, மர மத்து. குக்கர் மூடியில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். ஒரு சாதாரண நாளில் எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் கால் பங்கு இன்னும் சிங்க்கில்தான் கிடக்கிறது. அது என் பங்கு. உப்பு நிரப்புவதும் ஃபில்டர் கழுவுவதும்கூட அப்படியே. யாருடைய வேலையைக் குறைக்க வாங்கினோமோ, அவர் தலையிலேயே இயந்திரத்தைப் பராமரிக்கும் வேலையையும் கட்டினால் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

அம்மாவின் விரல்கள் இப்போது ஆறிவிட்டன. காலை டிபன் பாத்திரங்களை உள்ளே அடுக்குவது அவர்தான். அதுவும் அவர் முறைப்படிதான் அடுக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடைக்குப் போகும் முன் மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை, குழாயிலிருந்து தொட்டி வரை உள்ள உயரம், தினமும் சேரும் பாத்திரங்களில் உள்ளே வைக்கத் தகுந்தவை எத்தனை. மாடலில் ரெசின் அறை உண்டா, அது எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கேளுங்கள். உங்கள் எண் அதைத் தாண்டினால் வீட்டுக்கே தனி சாஃப்ட்னர் வைக்க வேண்டும், இல்லையேல் வாங்காதீர்கள். நிறுவ வருபவர் எந்த எண்ணை வைக்கிறார் என்று அருகில் நின்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கி அலமாரியாக்கிவிட்டவர்கள், சோப்பை மாற்றும் முன் கொஞ்சம் தண்ணீரை எடுத்துச் சொட்டுகளை எண்ணிப் பாருங்கள்.