எலும்புச்சாறும் செரிமானமும்: தென்காசி வட்டார உணவு வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நோயுற்று எழுந்தவருக்கு ஆட்டெலும்புச் சாறு கொடுப்பது தென்தமிழகத்தில் நெடுநாளாக நிலவும் வழக்கம். அண்மைக் காலத்தில் அதே சாறு ‘குடற்சுவரைச் சீராக்கும் மருந்து’ என்ற புதிய தகுதியோடு பேசப்படுகிறது. மருத்துவ மரபு இச்சாற்றுக்கு அளித்த இடத்தையும் உடலியங்கியல் அளிக்கும் இடத்தையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. எலும்புச்சாறு நோயினின்று மீள்வோரின் உணவு வரிசையில் ஒரு படி. தனித்து நிற்கும் மருந்து அன்று என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: எலும்புச்சாறு, பத்தியம், கஞ்சி, ஊன்பசை, செரிமானம், ஆய்க்குடி

முன்னுரை

தென்காசிக்கு அண்மையில் அமைந்த ஆய்க்குடியை, உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றின் 132ஆம் பாடலில் குறிப்பிடும் ஆய்குடியோடு இணைத்துக் காண்பது மரபு. சூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலச் சாரல் இவ்வட்டாரத்தைக் குளிர்விக்கும். அக்காலத்தில் மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட ஆட்டுக்கால் சாறு வீடுகளில் விரும்பி அருந்தப்படுகிறது. காய்ச்சல் தணிந்தவர்க்கும் மகப்பேறு முடிந்த தாய்மார்க்கும் இதனைக் கொடுப்பர். ‘வயிற்றுக்கு இதம்’ என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பது ஆராயத்தக்கது.

சாற்றில் இறங்குவன

ஆட்டுக்காலைத் தீயில் வாட்டி, மயிரைச் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவி, எலும்பைத் தட்டி உடைத்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு சேர்த்துச் சிறுதீயில் நெடுநேரம் வேகவைப்பர். இவ்வெப்பத்தில் எலும்பு, தசைநாண், தோல் ஆகியவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் ஊன்பசையாக மாறி நீரில் கரைகிறது. ஆறிய சாறு கட்டியாக உறைவதற்கு இதுவே காரணம். உப்பும் கொழுப்பும் இறைச்சியின் சுவைப்பொருள்களும் உடன் இறங்குகின்றன.

எலும்பின் சுண்ணாம்புச் சத்து அவ்வாறு எளிதில் இறங்குவதில்லை. அது நீரில் கரையாத கனிம வடிவில் உள்ளது. 1934இல் மெக்கான்ஸ், ஷெல்டன், விட்டோசன் ஆகியோர் இங்கிலாந்தில் எலும்புச் சாற்றையும் காய்கறிச் சாற்றையும் பகுத்தாய்ந்து, அவற்றின் உணவுமதிப்பு மக்கள் நம்பிய அளவுக்கு இல்லை எனக் கண்டனர்.

மரபில் சாற்றின் இடம்

உடல் தூய்மிப்புச் சிகிச்சைக்குப் பின் உண்ணவேண்டிய முறையைச் சரக சம்ஹிதையின் சித்தி ஸ்தானம் வரிசைப்படுத்துகிறது. முதலில் நீர்த்த கஞ்சி, அடுத்துக் குழைந்த கஞ்சி, பின்னர்ப் பருப்பு நீர், இறுதியாக இறைச்சிச்சாறு என்பது அவ்வரிசை. பருப்பு நீரும் இறைச்சிச்சாறும் முதலில் தாளிப்பின்றியும் பிறகு நெய், உப்பு, காரம் சேர்த்தும் தரப்படுகின்றன. தூய்மிப்பின் அளவுக்கேற்ப ஒவ்வொரு படியும் மூன்று, இரண்டு அல்லது ஒரு வேளை நீடிக்கும். அணைந்த தீயைச் சிறு சுள்ளிகளிட்டு வளர்ப்பதுபோலச் செரிமானத் தீயைப் படிப்படியாக வளர்ப்பதே இதன் நோக்கம்.

இவ்வரிசையில் இறைச்சிச்சாறு முதற்படியன்று; இயல்பான உணவுக்கு முந்திய படி. நம் வீடுகளில் கஞ்சிக்குப் பின் ரசச் சோறு, அதன்பின் சாறு எனப் பத்தியம் முறிக்கும் வழக்கமும் இவ்வரிசையை ஒத்தது.

ஐரோப்பிய வரலாறு தரும் பாடம்

1679இல் தெனி பப்பான் என்னும் பிரெஞ்சு அறிஞர் எலும்பை மென்மையாக்கும் அழுத்தக் கலம் ஒன்றை உருவாக்கினார். இன்றைய அழுத்தச் சமையற்கலத்தின் முன்னோடியான அதற்குச் ‘செரிப்பான்’ எனப் பொருள்படும் பெயரையே இட்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எலும்பிலிருந்து எடுத்த ஊன்பசைச் சாறு பாரிசு நகர மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கு இறைச்சிக்கு மாற்றாக வழங்கப்பட்டது. மழாந்தி தலைமையிலான குழு நாய்களைக் கொண்டு ஆய்ந்து, ஊன்பசை மட்டும் உயிரைத் தாங்காது என 1841இல் அறிக்கை அளித்தது. இதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி பின்னரே கிடைத்தது. இன்றியமையாத அமினோ அமிலமான டிரிப்டோபன் 1901இல் கண்டறியப்பட்டது. ஊன்பசையில் அது இல்லை. மலிவான சாற்றை முழு உணவாகக் கொண்டதன் இழப்பை ஏழை நோயாளிகளே ஏற்க நேர்ந்தது.

செரிமான மண்டலத்தில் நிகழ்வது

அருந்திய ஊன்பசை நேரே குடற்சுவரில் சென்று ஒட்டிக்கொள்வதில்லை. இரைப்பையிலும் சிறுகுடலிலும் அது அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் சிதைக்கப்பட்டு, பிற புரதங்களைப் போலவே உறிஞ்சப்படுகிறது. அவற்றை உடல் எங்குப் பயன்படுத்தும் என்பதை அருந்துவோர் தீர்மானிக்க இயலாது. குடற்செல்களுக்கு எரிபொருளாகும் குளுட்டமின் சாற்றில் சிறிதளவே உண்டு. ஆகவே ‘குடற்சுவரைச் சீராக்கும்’ என்னும் கூற்றுக்கு வலுவான மருத்துவச் சான்று இல்லை.

எனினும் சாற்றின் பயன் வெறும் நம்பிக்கையன்று. இறைச்சிச்சாறு இரைப்பை நீர்ச் சுரப்பைத் தூண்டுவதைப் பாவ்லோவின் ஆய்வுகள் காட்டின. வெதுவெதுப்பும் மணமும் பசியைத் தூண்டுகின்றன. மெல்லாமல் விழுங்க இயலும் நீர்மமும் உப்பும் சோர்ந்த உடலுக்கு உதவுகின்றன. ‘இதம்’ என்னும் சொல் இப்பயனையே சுட்டுகிறது.

வயிற்றுப்போக்கின்போது நிலை வேறு. சிறுகுடல் உப்பையும் நீரையும் விரைந்து ஈர்க்கக் குளுக்கோஸ் துணைவேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளுக்கோசும் உள்ளன. எலும்புச்சாற்றில் மாவுச்சத்து இல்லை. உப்பிட்ட அரிசிக் கஞ்சியில் உண்டு. கஞ்சியை முன்னும் சாற்றைப் பின்னும் வைத்த மரபு வரிசை இவ்வகையில் உடலியங்கியலோடு பொருந்துகிறது.

கவனத்திற்குரியன

1. சாற்றை ஆறவைத்து மேலே படியும் கொழுப்பை நீக்குதல் நன்று. மிகு கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

2. அமிலச் சுரப்பு மிகும் என்பதால் வயிற்றுப்புண் உடையோரும், பியூரின் இறங்கும் என்பதால் யூரிக் அமிலம் மிகுந்தோரும், உப்பின் பொருட்டுச் சிறுநீரக நோயரும் குருதி அழுத்தம் உடையோரும் மருத்துவரைக் கேட்டே அருந்தவேண்டும்.

3. கொதிநிலையைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் மெல்ல ஆறும் சாற்றில் பெருகக்கூடும். இரண்டு மணி நேரத்திற்குள் குளிரூட்டி வைத்து, மீண்டும் கொதிக்கவைத்தே பயன்படுத்தவேண்டும்.

4. மலத்தில் குருதி, காரணமற்ற எடையிழப்பு, நீடித்த வயிற்றுவலி ஆகியவற்றுக்குச் சாற்றை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடலாகாது.

முடிவுரை

எலும்புச்சாறு பசியை எழுப்பி, நோயினின்று மீள்பவரை இயல்பான உணவுக்கு அழைத்துச் செல்கிறது. அது முழு உணவும் அன்று, குடல்நோய் மருந்தும் அன்று. மரபு அதனைத் தனியே புகழாமல் ஒரு வரிசைக்குள் வைத்தது. அவ்வரிசையிலிருந்து சாற்றை மட்டும் பிரித்தெடுத்துப் போற்றுவது மரபைப் பேணுவதாகாது. பத்திய உணவுகளை ஆராய்வோர் தனித்தனிப் பொருள்களின் குணங்களைத் தொகுப்பதோடு அமையாமல், அவை எந்த நிலையில், எதற்குப் பின் கொடுக்கப்பட்டன என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.