ஒளிப்பேழையின் பாயிரம்: தமிழ்த் திரைப்பட ஒளிப்பேழைகளின் தொடக்க இலச்சினைகள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வீடியோ கேசட் எனப்பட்ட ஒளிப்பேழையில் திரைப்படம் தொடங்குமுன் தோன்றும் விநியோக நிறுவனத்தின் அசையும் இலச்சினை, பெரும்பாலும் விளம்பரமாகவே கருதப்படுகிறது. அது உரிமைச் சான்றாகவும் படியின் தரத்தைக் காட்டும் அளவுகோலாகவும் பனுவலின் முன்னுரையாகவும் இயங்கியதை இக்கட்டுரை விளக்குகிறது. மின்னணுப் படிகளில் இப்பகுதி நீக்கப்படுவதால் கொங்கு நாட்டுத் திரைப்பட வரலாறு இழக்கும் தரவுகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இலச்சினை, பாயிரம், ஒளிப்பேழை, பதிப்புரிமை, கொங்கு நாட்டுத் திரைப்படம்.

முன்னுரை

பொருளின் மீது உரிமைக்குறி பொறிப்பது தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்களுக்குப் புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. சோழர் செப்பேடுகளின் வளையத்தில் அரச இலச்சினை பொறிக்கப்பட்டது. பொருள் யாருடையது, எவர் ஒப்புதலுடன் வெளிச்செல்கிறது என்னும் இரு வினாக்களுக்கு இக்குறிகள் விடையளித்தன. திரைப்பட இலச்சினையும் இவ்விரு வினாக்களிலிருந்தே தோன்றியது.

மௌனப்படக் காலத்தில் பிரான்சின் பாத்தே நிறுவனம் தன் சேவல் சின்னத்தைக் காட்சி அரங்கின் சுவரிலேயே பொருத்திப் படம்பிடித்தது. தலைப்பு அட்டையை வெட்டிவிட்டுப் படச்சுருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரைத் தடுப்பதே இதன் நோக்கம். இலச்சினை அழகுக்காக அன்றிப் பாதுகாப்பிற்காகவே முதலில் படத்துள் நுழைந்தது என்பது இதனால் புலனாகும்.

படப்பிடிப்பு நிலையங்களின் இலச்சினைகள்

தமிழில் இலச்சினை விரைவில் பொருள் செறிந்த குறியீடாயிற்று. எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனத்திற்கு ஊதுகொம்பு ஊதும் இரட்டைச் சிறுவர் அடையாளமாயினர். இரட்டையரைக் குறிக்கும் மிதுன ராசியின் பெயரே ஜெமினி என்பதால் பெயரும் படமும் ஒன்றையொன்று விளக்கின. 1958-இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் எம்ஜியார் பிக்சர்ஸ் இலச்சினை, ஆணும் பெண்ணும் திராவிட முன்னேற்றக் கழகக் கொடியை ஏந்தி நிற்பதாக அமைந்தது. கதை தொடங்குமுன்பே படத்தின் அரசியல் சார்பு அறிவிக்கப்பட்டது.

கொங்கு நாட்டு நிறுவனங்களின் பெயர்களும் இவ்வாறே நோக்கத்தக்கவை. கோவையின் பட்சிராஜா என்னும் பெயர் பறவைகளின் அரசனாகிய கருடனைக் குறிக்கும். கோவையைச் சேர்ந்த சாண்டோ சின்னப்பா தேவரின் தண்டாயுதபாணி பிலிம்ஸ் முருகன் பெயர் தாங்கியது. நூலின் முகப்பில் காப்புச் செய்யுள் நிற்பது போல, படத்தின் முகப்பில் இப்பெயர்கள் நின்றன.

ஒளிப்பேழையின் வருகை

ஒளிநாடா வடிவங்களான பீட்டாமேக்ஸ் 1975-இலும் விஎச்எஸ் 1976-இலும் ஜப்பானில் அறிமுகமாயின. 1977-இல் அமெரிக்காவின் மேக்னெடிக் வீடியோ நிறுவனம் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடம் ஐம்பது படங்களுக்கு உரிமம் பெற்று ஒளிப்பேழைகளாக விற்றது. படத்தைத் தயாரிக்காத ஒரு நிறுவனம் தன் இலச்சினையைப் படத்தின் முன்னே வைக்கும் வழக்கம் இத்தொழிலோடு வளர்ந்தது.

இந்தியாவில் 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியது. பின்னர் ஒளிப்பேழை சிற்றூர்களையும் அடைந்தது. அந்தியூர், பவானி, கோபிசெட்டிபாளையம் போன்ற ஊர்களில் மக்கள் ‘டெக்’ எனப்பட்ட கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்துத் தொடர்ந்து சில படங்களைக் காண்பது வழக்கமாயிற்று. கடல்கடந்த தமிழரிடையே இலண்டனைச் சார்ந்த ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் இப்பணியைச் செய்தன. ஐங்கரன் விநாயகரின் பெயராதலால், இங்கும் காப்பு மரபின் தொடர்ச்சியைக் காணலாம்.

சட்டமும் பாயிரமும்

திருட்டுப் படிகள் பெருகவே, 1984-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் 52அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன்படி ஒளிப்பேழையின் உறையிலும், படம் காட்டப்படும்போது திரையிலும் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும். அவை தணிக்கைச் சான்றிதழின் படி. ஒளிப்பேழையை உருவாக்கியவரின் பெயர், முகவரி, உரிமம் பெற்றமைக்கான உறுதிமொழி. பதிப்புரிமை உடையவரின் பெயர், முகவரி. இதனை மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் 68அ பிரிவில் வகுக்கப்பட்டன.

சிறப்புப் பாயிரத்திற்கு நன்னூல் எட்டுச் செய்திகளை வகுக்கிறது. அவற்றுள் இயற்றியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை ஆகிய மூன்றும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கவை. பதிப்புரிமையாளர் பெயர் முதலாவதோடும், உரிமம் பெற்றமை இரண்டாவதோடும் பொருந்துகின்றன. எல்லையைச் சட்டம் கேட்கவில்லை. ஆயினும் திரைப்பட வணிகம் கோவை, சேலம், மதுரை என எல்லை பிரித்தே நடந்தது. வெளிநாட்டு உரிமை தனியே விற்கப்பட்டது. ஆகவே ஒளிப்பேழையின் தொடக்கப் பகுதியைச் சட்டம் வற்புறுத்திய பாயிரம் எனலாம். அசையும் இலச்சினை அப்பாயிரத்தின் காட்சி வடிவமாகும்.

இலச்சினையின் தொழில்நுட்பப் பயன்

ஒளிநாடாவில் ஒரு படியிலிருந்து மறுபடி எடுக்குந்தோறும் வண்ணம் மங்கும், விளிம்புகள் கலங்கும். கூரிய எழுத்துகளும் அடர்ந்த நிறங்களும் கொண்ட இலச்சினையில் இச்சிதைவு உடனே தெரியும். இலச்சினை தெளிவாக இருப்பின் பேழை மூலத்திற்கு நெருங்கியது எனவும், எழுத்து நடுங்கினால் படியின் படி எனவும் பார்ப்போர் உணர இயன்றது. கருவியின் ஓட்டத்தைச் சரிசெய்து கொள்ளவும் அவ்வினாடிகள் பயன்பட்டன.

மற்றொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. திரைப்படச் சுருள் வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். இந்தியத் தொலைக்காட்சியின் பால் முறை 25 சட்டகங்களைக் கொண்டது. சட்டகத்திற்குச் சட்டகம் மாற்றும்போது 150 நிமிடப் படம் 144 நிமிடமாகச் சுருங்கும்; ஒலியும் சற்றே உயரும். எனவே இம்முறையில் மாற்றப்பட்ட பேழையில் ஒலிக்கும் நிலைய இலச்சினையின் இசை, திரையரங்கில் கேட்ட சுருதியினின்றும் வேறுபட்டது. இது சுவடிகளிடையே காணும் பாடவேறுபாட்டிற்கு நிகரானது.

குறுந்தகடும் இலச்சினையின் நலிவும்

குறுந்தகடு வந்தபின் நிலை மாறியது. ஒரு விசிடி ஏறத்தாழ 74 நிமிடமே கொள்ளுமாதலால் ஒரு தமிழ்ப்படம் இரண்டு அல்லது மூன்று தகடுகளில் வெளிவந்தது. மின்னணுப் படியில் மூலத்திற்கும் நகலுக்கும் தர வேறுபாடு இல்லை. இலச்சினையும் பழுதின்றி நகலாகிவிடும். தரச்சான்று என்னும் பயனை இலச்சினை இங்கு இழந்தது. காப்பு வேறு வழிகளில் தேடப்பட்டது. 2004-இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஒளிப்படத் திருடரையும் சேர்த்தது. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று, திருட்டுத் தகட்டோடு விலையிலேயே போட்டியிட்டது.

இழப்பின் தன்மை

இன்று ஒளிப்பேழைகளை மின்னணு வடிவிற்கு மாற்றும்போது, தொடக்கப் பகுதி தேவையற்றதென வெட்டப்படுவதுண்டு. விநியோக நிறுவனத்தின் இலச்சினையோடு சில வேளைகளில் படநிலையத்தின் இலச்சினையும் நீங்கிவிடுகிறது. இவ்விழப்பின் அளவைப் பதிற்றுப்பத்து கொண்டு உணரலாம். அதில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எஞ்சிய பத்துகளின் இறுதியிலுள்ள பதிகங்களே பாடியவர், பாடப்பெற்ற சேர மன்னர், பரிசில், ஆட்சியாண்டு ஆகியவற்றைத் தெரிவிக்கின்றன. பதிகம் பிற்காலத்தது, பாடலின் பகுதியன்று. எனினும் அதை நீக்கிப் பதிப்பித்திருந்தால் சேரர் வரலாற்றின் அடிப்படைத் தரவுகள் மறைந்திருக்கும்.

கொங்கு நாட்டிற்கு இவ்வொப்புமை நேரடியாகப் பொருந்தும். 1954-இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ கோவைப் பட்சிராஜாவின் படைப்பு. 1956-இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ டி. ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் உருவாக்கியது. நிலைய இலச்சினை வெட்டுண்ட படியில் இவற்றைக் காணும் இளைய தலைமுறை, இவை கோடம்பாக்கத்தில் பிறந்தவை என எளிதில் எண்ணும். படம் எஞ்சியிருக்கும், அது எந்த மண்ணில் உருவாயிற்று என்னும் சான்று எஞ்சாது.

முடிவுரை

ஒளிப்பேழையின் தொடக்க இலச்சினை உரிமையை அறிவித்தது. படியின் தரத்தைக் காட்டியது. படம் கடந்துவந்த வழியைப் பதிவு செய்தது. எனவே திரைப்பட ஆவணப்படுத்தலில் இலச்சினை, உரிமை அறிவிப்பு, தணிக்கைச் சான்றிதழ் ஆகியவற்றைத் தோன்றும் வரிசையிலேயே பேணுதல் வேண்டும். ஒரே படத்தின் வெவ்வேறு நிறுவனப் படிகளைத் தனித்தனிச் சான்றுகளாக அட்டவணைப்படுத்துதலும் வேண்டும். சுவடிப் பதிப்பில் முதல் ஏட்டிற்கும் இறுதி ஏட்டிற்கும் தரும் கவனம் ஒளிப்பேழைக்கும் உரியதாகும்.