தை பிறந்தாலும் கடல் அடங்குவதில்லை: போர்ட் கிள்ளானின் நீண்ட மழைக்காலம்

போர்ட் கிள்ளான் – மலேசியாவுக்குக் குளிர்காலம் கிடையாது. ஆனால் தீபாவளிக்கு முன்பே தொடங்கி புத்தாண்டைத் தாண்டியும் இழுத்துக்கொண்டு போகும் மழைக்காலம், போர்ட் கிள்ளான், பண்டமாரான், காப்பார் போன்ற தாழ்வான பகுதிகளில் வாழ்பவர்களுக்கு ஏறக்குறைய அதே சோதனைதான். துணி காயாது, பிள்ளைகளின் பள்ளிக் காலணி காயாது, இரவில் மழை வலுத்தால் தூக்கமும் வராது.

பொங்கல் வந்துவிட்டால் ஆபத்து விலகிவிடும் என்று பலர் எண்ணுவது இயல்பு. மழையைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கடலைப் பொறுத்தவரை இல்லை. இரண்டும் வெவ்வேறு கணக்கில் நடப்பவை.

முதலில் மழையைப் பார்ப்போம். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று உண்மையான குளிர்காலத்தில்தான் பிறக்கிறது. சைபீரியாவும் வட சீனாவும் உறையும்போது, அங்கே திரளும் கனத்த குளிர்காற்று தெற்கே பாய்கிறது. தென்சீனக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் கொட்டுகிறது. தமிழகத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தருவதும் வடகிழக்குப் பருவக்காற்றுதான். அங்கே அது ஈரம் எடுப்பது வங்கக் கடலில்.

வடக்கிலிருந்து வரும் காற்றை வாடை என்றனர் பழந்தமிழர். பாசறையில் இருக்கும் அரசனை எண்ணி அரசி காத்திருக்கும் கூதிர்கால இரவைப் பாடும் நக்கீரரின் நூலுக்கு ‘நெடுநல்வாடை’ என்றே பெயர். நீண்ட மழைக்காலத்தில் காத்திருப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல.

சிலாங்கூருக்கு ஒரு கவசம் உண்டு. தித்திவங்சா மலைத்தொடர் வடகிழக்குக் காற்றின் பெரும்பங்கு மழையைக் கிழக்கிலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிக மழை பெய்வது பருவக்காற்று திசை மாறும் இடைக்காலங்களில்: ஏப்ரலை ஒட்டி ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் ஒருமுறை. பிற்பகலில் இடியோடு வரும் மழை அது. தீபாவளிப் பொருள் வாங்க கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் குடையோடு போவதற்கு இதுவே காரணம்.

கவசம் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2021 டிசம்பரில் தென்சீனக் கடலில் உருவான வெப்பமண்டலக் காற்றழுத்தத் தாழ்வு தீபகற்பத்தைக் கடந்தது. டிசம்பர் 18 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. கோலாலம்பூரில் வழக்கமாக ஒரு மாதத்தில் பெய்யும் மழை ஒரே நாளில் கொட்டியது. கிள்ளான் ஆற்றோரம் இருக்கும் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியில் படகுக்காகக் காத்திருந்தனர். அந்தப் பருவத்தின் வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி என்றும், அதில் ஏறக்குறைய பாதி சிலாங்கூரில் என்றும் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

இனி கடல். கோலாலம்பூர், ஷா ஆலம், கிள்ளான் வழியாக சுமார் 120 கிலோமீட்டர் ஓடிவரும் கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடம் போர்ட் கிள்ளான். மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை வற்றுகிறது. நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் இழுக்கும் முழுநிலவு, அமாவாசை நாள்களை ஒட்டி ஏற்றம் கூடும். அந்த இரண்டு நாள்களுக்கும் பொதுவாக ‘உவா’ என்ற சொல்லே பழந்தமிழில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்பிரிங்’ ஏற்றம் என்று பெயர். வசந்தகாலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. துள்ளி எழுவது என்ற பொருளில் வந்தது. ஆனால் வேடிக்கையாக, பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களை ஒட்டிய வாரங்களில்தான் கடல் மிக உயரமாக எழுகிறது. வடநாடுகள் வசந்தத்துக்குக் காத்திருக்கும் அதே மார்ச் மாதத்தில், மழை குறைந்துவிட்டது என்று இங்கே மேலே ஏற்றிய சாமான்களைக் கீழே இறக்கும் வேளையில், ‘ஆயர் பாசாங் பெசார்’ எச்சரிக்கை வருகிறது. போர்ட் கிள்ளானில் நீர்மட்டம் 5.5 மீட்டரை நெருங்கும் என்று அறிவிப்பு வந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. வெயில் காயும் நாளிலும் காப்பார் தோக் மூடா போன்ற கரையோரக் கம்பங்களில் கடல்நீர் புகுவது இதனால்தான்.

இரண்டும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வராமல் இருக்க வடிகால் வாய்களில் உள்ள நீர்க்கதவுகள் மூடப்படும். அந்த நேரத்தில் மழை பெய்தால் ஊருக்குள் தேங்கும் நீர் வெளியேற வழியில்லை. பம்பு வைத்து இறைக்க வேண்டும். சாதாரண மழைக்கே சில நாள் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதே என்று வியப்பவர்கள், அன்றைய கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இந்த மண்ணின் வரலாறும் அப்படித்தான். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இத்துறைமுகம் திறக்கப்பட்டபோது சுற்றிலும் சதுப்புக் காடு. திறந்த வேகத்தில் மலேரியா பரவியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, கரை கட்டச் செய்த பிறகே நோய் அடங்கியது. தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பலர் கப்பலிலிருந்து இறங்கியதும் இங்கேதான். 1972இல் பெயர் மாறியது. தாழ்ந்த நிலம் மாறவில்லை.

மழை எச்சரிக்கையை வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. ஆற்றின் நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் பார்க்கலாம். கடல் ஏற்ற அட்டவணையைத் தயாரிக்கும் தேசிய நீரியல் வரைவு மையம் பக்கத்திலேயே, பூலாவ் இண்டாவில் இருக்கிறது. மழைத் தகவலை மட்டும் பார்த்துவிட்டு அட்டவணையை மறப்பதுதான் பொதுவான தவறு.

கார் காப்புறுதி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாகச் சேராது. ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டும். கடல்நீர் பட்ட இரும்புப் பொருள்களை நல்ல தண்ணீரில் உடனே கழுவாவிட்டால் துரு பிடிக்கும். நனைந்த மின்சாதனங்களைச் சோதிக்காமல் போடவே கூடாது. வெள்ளநீரில் நடந்த பிறகு காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடல் பெருக்குக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அது நேரம் சொல்லிவிட்டு வரும், நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், பெரும்பாலும் மூன்று நான்கு நாள்களில் தணியும். காரை மேட்டில் நிறுத்தவும், குளிர்சாதனப் பெட்டியைக் கல் வைத்து உயர்த்தவும் அந்த நாள்கள் எவை என்று முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்து வைக்கலாம்.