சம்பளமா, கட்டணமா? இயக்குநர்கள் தமக்கு ஊதியம் வகுத்துக்கொள்ளும் முறை

ஒருவர் தம் சொந்தப் பெயரில் தொழில் நடத்தும்போது கல்லாவில் உள்ள பணமும் அவர் பணமும் ஒன்றே. அத்தொழில் தனியார் நிறுவனமாகப் பதிவுபெற்ற நாள்முதல் அந்நிலை மாறிவிடுகிறது. சட்டத்தின் பார்வையில் நிறுவனம் வேறு, அதனை நடத்தும் இயக்குநர் வேறு. நிறுவனத்தின் கணக்கிலிருந்து இயக்குநரின் கணக்குக்குச் செல்லும் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைப் பொறுத்தே வரியும் கடமைகளும் அமைகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். ராஜ்கோட்டில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் குடும்ப நிறுவனம் ஒன்று. அண்ணன் நாள்தோறும் பட்டறையில் இருந்து உற்பத்தியையும் விற்பனையையும் கவனிக்கிறார். தங்கை அகமதாபாத்தில் தனித்தொழில் செய்யும் பொறியாளர். இயக்குநர் என்ற முறையில் குழுக் கூட்டங்களில் பங்கேற்று ஆலோசனை வழங்குகிறார். தாயார் பங்குகளை மட்டும் வைத்திருக்கிறார். மூவருக்கும் நிறுவனம் பணம் தரலாம். ஆனால் ஒரே பெயரில் தருவது பொருந்தாது.

உழைப்புக்குச் சம்பளம்

முழுநேரப் பணியாற்றும் அண்ணனுக்கு இயல்பாகப் பொருந்துவது சம்பளம். அது நிறுவனத்தின் செலவாகக் கழிக்கப்படும். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையைத் தேர்ந்தவர் சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலையான கழிவு பெறலாம். ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் சம்பளம் பெற்று, வேறு வருமானம் இல்லாதவருக்கு அம்முறையில் வரி ஏதும் எழாது. எனவே மாதந்தோறும் வரிப் பிடித்தமும் இராது. பணியாளர் என்ற முறையில் தரப்படும் சம்பளத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரியும் இல்லை. 2020 ஜூன் மாதம் வெளியான சுற்றறிக்கை இதனைத் தெளிவாக்கியது.

ஆலோசனைக்குக் கட்டணம்

தங்கை பணியாளர் அல்லர். அவருக்குரியது அமர்வுக் கட்டணமோ ஆலோசனைக் கட்டணமோ ஆகும். அமர்வுக் கட்டணத்துக்கு ஒரு கூட்டத்துக்கு 1 இலட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பை நிறுவனச் சட்ட விதிகள் வகுத்துள்ளன.

இயக்குநருக்குத் தரப்படும் கட்டணத்தில் 10 சதவீதம் மூலத்திலேயே வரியாகப் பிடிக்கப்பட வேண்டும். இதற்குக் குறைந்தபட்ச வரம்பு இல்லை. முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் தொடங்கும். அண்ணனின் 12 இலட்சத்தையே கட்டணம் என்ற பெயரில் வழங்கினால் 1,20,000 ரூபாய் பிடிக்கப்படும். அவருக்கு வேறு வருமானம் இல்லையெனில், புதிய வரி முறையில் இறுதி வரி ஏதுமின்றி, கணக்குத் தாக்கல் செய்து அத்தொகையைத் திரும்பப் பெறும்வரை காத்திருக்க நேரும்.

இத்தோடு முடிவதில்லை. இயக்குநராக ஆற்றும் சேவைக்கான கட்டணத்தின்மீது 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரியை, ரிவர்ஸ் சார்ஜ் முறையில், நிறுவனமே செலுத்த வேண்டும். 12 இலட்சத்துக்கு அது 2,16,000 ரூபாய். இதனை உள்ளீட்டு வரி வரவிலிருந்து ஈடுகட்ட இயலாது. ரொக்கமாகவே செலுத்த வேண்டும். செலுத்தியபின் வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரிவிலக்குப் பெற்ற பொருள்களையோ சேவைகளையோ மட்டும் வழங்கும் நிறுவனத்துக்கு அந்த வரவு கிட்டாது. அதற்கு இது முழுச் செலவே.

கட்டணத்துக்கும் நன்மை உண்டு. தொழில்முறை ஆலோசகர் தம் அலுவலகம், பயணம், கருவிகள் போன்ற தொழிற்செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆனால் பிடித்தத்துக்கு மேல் வரி எழுமாயின் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் முன்வரித் தவணைகளைத் தாமே செலுத்த வேண்டும்.

உரிமைக்கு ஈவுத்தொகை

தாயாருக்குரியது ஈவுத்தொகை. இது செலவன்று; நிறுவனம் வரி செலுத்தியபின் எஞ்சும் லாபத்தின் பங்கு. 22 சதவீத அடிப்படை வரியைத் தேர்ந்த நிறுவனம், கூடுதல் வரியும் தீர்வையும் சேர்த்து 25.168 சதவீதம் செலுத்துகிறது. எனவே 12 இலட்சம் ஈவுத்தொகை வழங்க ஏறத்தாழ 16 இலட்சம் லாபம் ஈட்டியிருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகை, பெறுபவரின் வருமானமாக அவர் கையிலும் வரிக்குட்படுகிறது. ஒரே வகைப் பங்குகளாயின், பங்குகளின் விகிதப்படியே அனைவருக்கும் வழங்க வேண்டும். உழைத்தவருக்கு மிகுதியாகத் தர வழியில்லை.

பெயரில்லாத பணம்

பல குடும்ப நிறுவனங்களில் இம்மூன்றும் நடப்பதில்லை. தேவைப்படும்போது இயக்குநர் பணம் எடுக்கிறார். அது கடன் என்ற தலைப்பில் எழுதப்படுகிறது. இதுவே இடர்மிக்க வழி. நிறுவனச் சட்டம், 2013-இன் 185-ஆம் பிரிவு இயக்குநர்களுக்குக் கடன் வழங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனங்களுக்குத் தளர்வு உண்டெனினும் அதற்கு நிபந்தனைகள் உள்ளன. மேலும், 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரர் பெறும் கடனை, திரண்ட லாபத்தின் அளவுவரை, ஈவுத்தொகையாகவே வருமான வரிச் சட்டம் கருதக்கூடும். திருப்பித் தரவேண்டிய பணத்துக்கு வரியும் செலுத்தும் நிலை அது.

இவ்வாறு எடுப்பவர் வீட்டுக் கடனுக்கு வங்கியை நாடும்போது மற்றொரு குறை வெளிப்படும். பத்தாண்டுகள் உழைத்திருந்தும் அவர் ஆவணங்களில் வருமானம் இராது. சம்பளம் பெறுபவரிடம் படிவம் 16-உம் மாதாந்திர வரவும் உள்ளன. கட்டணம் பெறுபவரிடம் வருமான வரிக் கணக்குகள் உள்ளன. கடன் என்று எழுதி எடுத்தவரிடம் இருப்பது நிலுவை மட்டுமே.

முடிவெடுக்கும் முன்

பொது நிறுவனங்களுக்கு நிகர லாபத்தில் 11 சதவீதம் என்று விதிக்கப்பட்டுள்ள ஊதிய உச்சவரம்பு தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தாது. ஆயினும் பணியின் நியாயமான மதிப்பை மிஞ்சிய பகுதியைச் செலவாக ஏற்க வரி அதிகாரி மறுக்கலாம். ஆகவே வரி எவ்வளவு மிச்சமாகும் என்ற கேள்விக்கு முன், இப்பணம் உழைப்புக்கா, ஆலோசனைக்கா, உரிமைக்கா என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்வது நலம். ஒருவரே மூன்றுக்கும் உரியவராக இருக்கலாம். அப்போது மூன்றையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும்.

நிதியாண்டு தொடங்கும் முன்பே பட்டயக் கணக்காளரைக் கலந்து, இயக்குநர் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, பணி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுங்கள். மார்ச் மாதத்தில் லாபத்தைப் பார்த்தபின் சூட்டும் பெயரைக் காட்டிலும், ஏப்ரலில் எழுதிவைத்த பெயர் வரி அலுவலகத்திலும் வங்கியிலும் வலுவாக நிற்கும். குடும்பத்திற்குள் யாருக்கு எதற்காக எவ்வளவு என்ற ஐயம் எழும் நாளிலும் அதுவே துணை நிற்கும்.