காலந்தவறும் புகையிரதம்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் அமைந்துள்ள லக்கலப் பகுதியில் இருப்புப்பாதை இல்லை. இலுக்கும்புற, ரிவஸ்டன், இறத்தோட்டை வழியாக மலைப்பாதையில் மாத்தளைக்கு இறங்கிய பின்னரே அப்பகுதி மக்கள் ஒரு புகையிரத நிலையத்தைக் காண்பர். ஆயினும் புகையிரதம் காலந்தவறுவதால் விளையும் துன்பம் லக்கல வரையிலும் எட்டக்கூடியது. கண்டியில் அலுவலை முடித்து மாலை வண்டியில் திரும்பும் ஒருவர் மாத்தளையை அடையுமுன் ஊருக்குச் செல்லும் கடைசிப் பஸ் புறப்பட்டுவிட்டால், இருபது நிமிடத் தாமதம் ஓர் இரவுத் தாமதமாகிவிடுகிறது. கூலிவேலைக்குச் செல்பவர் ஒரு நாட் சம்பளத்தை இழக்கிறார். மருத்துவமனைக்குச் செல்பவர் தமது முறையை இழக்கிறார்.

வண்டி ஏன் பிந்துகிறது? இயந்திரம் பழையது என்பார் சிலர். ஊழியர் அசட்டை என்பார் வேறு சிலர். இயந்திரம் பழுதடைவது ஒரு காரணமே. ஆனால், ஒரு வண்டியின் பழுது பல வண்டிகளின் தாமதமாகப் பெருகுவதற்கு இருப்புப்பாதையின் அமைப்பே முதற்காரணமாகும்.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. 1880இல் மாத்தளையை எட்டியது. தோட்டங்களின் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே அன்றைய முதல் நோக்கம். காலையில் கந்தோருக்கும் பள்ளிக்கும் விரையும் பெருங்கூட்டத்தை எண்ணி அப்பாதை இடப்படவில்லை. கோப்பி மூட்டை ஒரு மணி நேரம் பிந்தினாலும் கோபிப்பதில்லை, மனிதர் அவ்வாறல்லர்.

கொழும்பிலிருந்து றம்புக்கனை வரை, போகவும் வரவும் தனித்தனித் தடங்கள் உண்டு. அதற்கு மேல், 44 அடி தூரத்துக்கு ஓரடி உயரும் கடுகண்ணாவ ஏற்றத்தில், ஒற்றைப் பாதையே உள்ளது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை ஊடாக மாத்தளைக்குச் செல்வதும் ஒற்றைப் பாதையே. இத்தகைய பாதையில் இரு நிலையங்களுக்கிடையே ஒரு வேளையில் ஒரு வண்டி மாத்திரமே செல்லலாம். இதன் பொருட்டு மலைநாட்டில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்தது தகட்டு முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட இரு பெட்டிகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு வேளையில் ஒரே ஒரு தகடுதான் வெளிவரும். நிலைய அதிபரிடமிருந்து அதைப் பெற்ற சாரதியே வண்டியைச் செலுத்தலாம். மோதலைத் தவிர்க்க இது சிறந்த காப்பு. ஆனால் தாமதத்தைத் தடுக்க அதனால் இயலாது.

மாத்தளையிலிருந்து இறங்கும் வண்டி இருபது நிமிடம் பிந்திவிட்டதென்று வைத்துக்கொள்வோம். வத்தேகமவில் அதற்கு வழிவிட வேண்டிய எதிர் வண்டியும் இருபது நிமிடம் காத்துநிற்க நேரும். காத்துநின்ற அவ்வண்டியின் பெட்டிகளே மாத்தளையிலிருந்து அடுத்த பிரயாணத்துக்குப் புறப்பட வேண்டியவையாயின், அதுவும் பிந்தும். இவ்வாறு காலையில் ஒருவர் பட்ட கடன், மாலையில் முன்பின் அறியாத இன்னொருவர் தலையில் விழுகிறது.

இரட்டைப் பாதை இருந்தாலும் தொல்லை முற்றாகத் தீர்ந்துவிடுவதில்லை. காலை வேளையில் மலைநாட்டு வண்டிகளும் கரையோர வண்டிகளும் புத்தளம், அவிசாவளை வண்டிகளும் மருதானையையும் கோட்டையையும் நோக்கியே வருகின்றன. களனிவெளிப் பாதை 1990களில் அவிசாவளை வரை அகலப்படுத்தப்பட்டது, அகலமாயிற்றேயன்றி இரட்டையாகவில்லை. மேலும், ஒரு வண்டி பிந்தப் பிந்த மேடையில் கூட்டம் பெருகுகிறது. கூட்டம் பெருகப் பெருக, ஏறி இறங்க நேரம் அதிகமாகிறது. ஆகவே, பிந்திய வண்டி மேலும் பிந்துகிறது.

சென்னையில் 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, புறநகர் வண்டிகளுக்கெனத் தனித் தடங்கள் அமைந்தன. தொலைதூர வண்டியின் தாமதம் கந்தோருக்குச் செல்பவரைத் தாக்காதிருக்க இதுவே நல்வழி. ஆனால் இதற்குப் பெரும் பணமும் நிலமும் வேண்டும்.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. நாள்தோறும் தவறாமல் பத்து நிமிடம் பிந்தும் வண்டியால் பெருந்தீங்கில்லை. பிரயாணி அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்வார். ஒரு நாள் சரியாகவும் மறுநாள் நாற்பது நிமிடம் பிந்தியும் வரும் வண்டியே கொடியது. அதை நம்ப முடியாதவர், வண்டி சரியாக வரும் நாளிலும் முந்திய வண்டியைப் பிடிக்க வைகறையில் எழ வேண்டியிருக்கிறது. அதாவது, தாமதம் நிகழாத நாட்களிலும் தாமதத்தின் விலையை அவர் செலுத்துகிறார். வேகத்தை விட நிச்சயமே அவருக்குப் பெரிது.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு இருப்புப்பாதைகளைச் சிதைத்தது போன்ற இயற்கையின் சீற்றத்தை மக்கள் பொறுத்துக்கொள்வர். காரணம் கூறப்படாத அன்றாடத் தாமதத்தையே அவர்களால் பொறுக்க இயலாது. அதைக் குறைக்கப் பெருஞ்செலவில்லாத வழிகளும் உள. நேர அட்டவணையில் சில நிமிடங்களை இடைவெளியாக விடலாம். பழுதடையும் வண்டிக்குப் பதிலாக மற்றொன்றை ஆயத்தமாக வைக்கலாம். கடைசி வண்டி வரும்வரை கடைசிப் பஸ்ஸை நிறுத்திவைக்க இரு துறையினரும் உடன்படலாம். இவை எல்லாவற்றுக்கும் முதலாக, தாமதம் எவ்வளவு என்பதை அறிந்தவுடனே ஒளிவின்றி அறிவிக்கலாம். நாற்பது நிமிடம் என்று முன்னமே அறிந்தவர் பஸ்ஸில் செல்வதா, காத்திருப்பதா என்று தாமே முடிவுசெய்வார். நேர அட்டவணை என்பது பொதுமக்களுக்கு அளிக்கப்படும் வாக்குறுதி. அதைக் காக்க முடியாத நாளில் உண்மையைச் சொல்வதும் அந்த வாக்குறுதியின் ஒரு பகுதியே.