மார்ச் மாதப் பருந்துகளை எண்ணுவோமா?

லிங்கி ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் கோலா லிங்கி. ஆற்றின் ஒரு கரை நெகிரி செம்பிலான், மறுகரை மலாக்கா. அங்கிருந்து கரையோரமாகப் போர்ட்டிக்சன் பக்கம் போனால், கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கும் காட்டுக் குன்று ஒன்று வரும். அதுதான் தஞ்சோங் துவான். சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருந்தாலும் இந்தக் குன்று மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆயிரக்கணக்கான வேட்டைப் பறவைகள் சுமத்திராவிலிருந்து கடலைத் தாண்டி இங்கே வந்து சேர்கின்றன. மார்ச் நடுவில்தான் கூட்டம் அதிகம்.

ஏன் இந்த இடம்? பருந்து போன்ற பெரிய பறவைக்கு ஓயாமல் இறக்கை அடித்துப் பறப்பது பெருஞ்செலவு. வெயிலில் தரை சூடாகும்போது மேலே எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சறுக்கிக்கொண்டே முன்னேறுவதுதான் அதன் வழி. கடலின் மேற்பரப்பு தரையைப் போல விரைவாகச் சூடாவதில்லை. அங்கே அந்தக் காற்று போதுமான அளவு எழாது. ஆகவே கடலை மிகக் குறுகலான இடத்தில் கடக்கவே அவை விரும்புகின்றன. சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்குச் சுமார் 38 கிலோமீட்டர்தான். காலை வெயில் ஏறிய பிறகே புறப்படுவதால், முற்பகலில் வரத் தொடங்குகின்றன. கடலைத் தாண்டும்போது உயரத்தை இழந்துவிடுவதால், மரங்களின் தலைக்குச் சற்று மேலேயே வந்து சேரும். பார்ப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

வருபவற்றில் பெரும்பாலானவை தேன் பருந்துகள். குளவி, தேனீக் கூடுகளைப் பிய்த்துப் புழுக்களைத் தின்பவை இவை. கொட்டுப்படாமல் காக்க முகத்தில் செதில் போன்ற அடர்ந்த சிறகுகள் உண்டு. ஜப்பானில் ஹிரோயோஷி ஹிகுச்சி என்ற அறிவியலாளரின் குழு இவற்றின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தது. ஜப்பானில் குஞ்சு பொரித்த பறவைகள் சீனா, மலாய் தீபகற்பம் வழியாகச் சுமத்திராவுக்கும் அதற்கு அப்பாலும் போவது அப்படித்தான் தெரியவந்தது.

மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இங்கே பருந்து பார்க்கும் விழாவை நடத்தி வருகிறது. எண்ணுபவர்கள் குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கத்தடியில் நிற்பார்கள்.

சரி, எப்படி எண்ணுவது? வட்டமிடும் கூட்டத்தை எண்ண முயன்றால் தலைதான் சுற்றும். பொறுத்திருங்கள். உயரம் போதுமானதும் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து சறுக்கிப் போகும். வானத்தில் ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொண்டு, அதைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ணுங்கள். அதிகமாக வந்தால், பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போங்கள். இங்கேயே குடியிருக்கும் செம்பருந்தையும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். தேன் பருந்தை நிறம் வைத்து அடையாளம் காண நினைக்காதீர்கள். வெளுப்பிலிருந்து கருப்பு வரை எல்லா நிறத்திலும் வரும். சிறிய தலை, நீண்ட கழுத்து இரண்டையும் பாருங்கள்.

வீட்டிலேயே பழகலாம். ஒரு கைப்பிடி பச்சைப் பயற்றைத் தாளில் கொட்டி, ஐந்து விநாடி பார்த்து எத்தனை என்று சொல்லுங்கள், பிறகு எண்ணுங்கள். கூட்டம் பெரிதாக ஆக நாம் குறைத்துச் சொல்வதுதான் வழக்கம்.

எண்ணிக்கையோடு நேரம், காற்றின் திசை, மேகம், எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பதையும் எழுதவேண்டும். இரண்டு மணி நேரத்தில் 200 பறவையும், எட்டு மணி நேரத்தில் 200 பறவையும் ஒன்றல்லவே! ஓராண்டு குறைந்தால் உடனே ஆபத்து என்று சொல்லவும் முடியாது. காற்று அவற்றை வேறு பக்கம் தள்ளியிருக்கலாம்.

ஆனால் பல இடங்களில், பல ஆண்டுகள் எண்ணினால் பெரிய உண்மைகள் வெளிப்படும். தென் கொரியாவின் செமாங்கும் கழிமுகம் 2006இல் 33 கிலோமீட்டர் கடற்சுவரால் அடைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே பறக்கும் பெரிய நாட் என்ற உள்ளான் இனம் பல்லாயிரக்கணக்கில் இரை தேடிய சேற்றுநிலம் அது. ‘பக்கத்துக் கழிமுகத்துக்குப் போய்விடும்’ என்று சிலர் சொன்னார்கள். பக்கத்தில் எண்ணினார்கள், அங்கே போதிய அளவு கூடவில்லை. ஆஸ்திரேலியாவில் எண்ணினார்கள், அங்கே குறைந்திருந்தது. இடம் மாறவில்லை, இறந்துவிட்டன என்ற முடிவுக்கு வர இந்த எண்ணிக்கைகளே உதவின.

அந்த உள்ளான்கள் பயன்படுத்தும் அதே வான்வழியில்தான் நம் மேற்குக் கரையும் இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் எண்ண விரும்பினால் முதலில் கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள். வற்றிய நேரத்தில் பறவைகள் தொலைவில் சிதறிக் கிடக்கும். நீர் ஏற ஏறக் கரைப்பக்கம் ஒதுங்கிக் கூட்டமாக நிற்கும். அதுவே எண்ணத் தகுந்த நேரம். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சேற்றில் மட்டும் இறங்கவேண்டாம். லிங்கி ஆற்றில் முதலைகள் உண்டு.